கணக்குப் போடாமல் கதவைத் திறக்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். நடுவில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் போதும். என்னிடம் படித்தவர்களுக்கு அதுகூடத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

விஷயம் இதுதான். "சர்வர் டவுன்" என்று இரண்டு வார்த்தை இப்போது எல்லா ஊரிலும் புழங்குகிறது. முன்பெல்லாம் ஆபீசுக்குப் போனால் "கிளார்க் லீவு" என்பார்கள். அந்தக் கிளார்க்குக்கு ஒரு பெயராவது இருந்தது. மறுநாள் போய் அவரைப் பிடிக்கலாம். சர்வர் டவுன் என்றால் யாரைப் பிடிப்பது? மழை வந்தது, கரண்ட் போனது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கேட்பவரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்.

மற்ற இடங்களில் எப்படியோ போகட்டும். கல்வி நிறுவனம் நடத்தும் ஆன்லைன் தேர்வில் இந்தச் சாக்கு செல்லாது என்பது என் கருத்து. காரணம் ரொம்ப எளிது. தட்கல் டிக்கெட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று ரயில்வேக்கு உறுதியாகத் தெரியாது. புதுப்பட டிக்கெட்டுக்கு எத்தனை பேர் மோதுவார்கள் என்று தியேட்டர்காரருக்குத் தெரியாது. ஆனால் கல்லூரிக்கு? வருகைப் பதிவேடு இருக்கிறது. எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் அவர்களே அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். எண்ணிக்கையும் தெரியும், நேரமும் தெரியும். அதற்குப் பிறகும் கூட்டத்தில் சர்வர் படுத்துவிட்டால், அங்கே ஒரு கணக்கு போடப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். என் தங்கையின் பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு தாளை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதச் சொன்னார்கள். தாளில் எழுதி, போனில் ஸ்கேன் செய்து, பன்னிரண்டு மணிக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். பிள்ளை 11.48-க்கு எழுதி முடித்துவிட்டாள். 11.52-க்கு அப்லோடு அழுத்தினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதியில் அறுந்தது, மறுபடி அழுத்தினாள், மறுபடி சுற்றியது. பன்னிரண்டு அடித்தது, லிங்க் மூடிக்கொண்டது. முடிவு வந்தபோது அவள் பெயருக்கு எதிரே "ஆப்சென்ட்". மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பிள்ளை ஆப்சென்ட்! அவள் அப்பா நேரில் போய்க் கேட்டார். "சர்வர் டவுன் சார், நாங்க என்ன பண்றது? அடுத்த செமஸ்டர்ல பீஸ் கட்டி எழுதச் சொல்லுங்க" என்றார்களாம். அவள் எனக்கு போன் செய்து, "தாத்தா, எனக்கு மட்டும் இல்ல, எங்க பக்கத்து ஊர்ப் பிள்ளைங்க நாலு பேருக்கும் இதேதான். டவுன்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் போயிடுச்சு" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் ஏன் போகவில்லை என்பதற்கும் கணக்கில் விடை இருக்கிறது. பிறகு வருகிறேன்.

இந்தக் கணக்கு புதியது இல்லை. நூறு ஆண்டுக்கு மேல் பழையது. டென்மார்க் நாட்டில் 1878-இல் பிறந்தவர் ஏ.கே.எர்லாங். அவருடைய அப்பா பள்ளி ஆசிரியர். எர்லாங்கும் பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்தான். நம்ம ஜாதி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன், ஆசிரியர் ஜாதி! 1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் போன் எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஓர் அம்மா கையால் வயரைச் செருகி இணைப்புக் கொடுப்பார். எத்தனை வயர் போட்டால், எத்தனை பேரை வேலைக்கு வைத்தால், பேச வருபவர் காத்திருக்காமல் பேசலாம்? அதிகம் போட்டால் கம்பெனிக்கு நஷ்டம். குறைத்தால் வாடிக்கையாளர் திட்டுவார். 1909-இல் இதைப் பற்றி முதல் கட்டுரை வெளியிட்டார். 1917-இல் அவர் தந்த சூத்திரங்களைத் தொலைபேசித் துறை இன்றும் பயன்படுத்துகிறது. போன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கே எர்லாங் என்றுதான் பெயர். அவர் பெயரில் ஒரு கணினி மொழியும் உண்டு. நீங்கள் காலையில் அனுப்பும் குட்மார்னிங் பூக்கொத்தெல்லாம் வாட்ஸ்ஆப் சர்வரில் அந்த மொழியில் எழுதிய நிரல் வழியாகத்தான் போகிறது.

அவர் தொடங்கிவைத்த துறைக்குப் பெயர் வரிசைக் கோட்பாடு. ரேஷன் கடை, பேங்க், டோல்கேட், ஆஸ்பத்திரி, சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான். வரிசையில் நிற்பது மனுஷனா, லாரியா, கம்ப்யூட்டர் கோரிக்கையா என்று சூத்திரத்துக்குக் கவலை இல்லை.

நம் ஊரில் சர்வர் என்றால் முதலில் ஓட்டலில் பரிமாறுபவர்தான். நாகேஷ் நடித்த "சர்வர் சுந்தரம்" படத்தில் வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலைதான் செய்கிறது. நீங்கள் கேட்பதை உள்ளே போய் எடுத்துவந்து வைக்கிறது. ஒரு கோரிக்கைக்கு அது எடுக்கும் நேரம் 20 மில்லி விநாடி என்று வைப்போம். அப்படியானால் ஒரு விநாடிக்கு 50 கோரிக்கையைக் கவனிக்க முடியும். சரியா?

இப்போது ஒரு கேள்வி. விநாடிக்கு 50 பேரைக் கவனிக்க முடிகிற சர்வருக்கு விநாடிக்கு 49 பேர் வந்தால் பிரச்சினை உண்டா? "இல்லை சார், ஒண்ணு மிச்சம் இருக்கே" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். அங்கேதான் தவறுகிறோம்.

ஆட்கள் அட்டவணை போட்டு வருவதில்லை. ஒரு விநாடி 30 பேர் வருவார்கள், அடுத்த விநாடி 65 பேர். முதல் விநாடியில் சர்வர் சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்து அடுத்த விநாடியில் செலவு செய்ய முடியாது. அந்த நேரம் போனது போனதுதான். அதனால்தான் வரிசை உருவாகிறது. இப்படி முன்பின்னாக வரும் கூட்டத்துக்கான மிக எளிய சூத்திரம் இது: சர்வரின் திறனிலிருந்து வருகையைக் கழியுங்கள். 1-ஐ அதனால் வகுங்கள். ஒருவர் வந்து, காத்திருந்து, வேலை முடிந்து போக ஆகும் சராசரி நேரம் கிடைக்கும். போட்டுப் பார்ப்போம்.

விநாடிக்கு 25 பேர் வந்தால் 40 மில்லி விநாடி.
35 பேர் வந்தால் 67 மில்லி விநாடி.
40 பேர் வந்தால் 100.
45 பேர் வந்தால் 200.
48 பேர் வந்தால் 500.
49 பேர் வந்தால் 1000, அதாவது முழுதாக ஒரு விநாடி.

25-லிருந்து 35-க்குப் பத்துப் பேர் கூடினார்கள், யாருக்கும் தெரியவில்லை. 48-லிருந்து 49-க்கு ஒரே ஓர் ஆள் கூடினார், காத்திருப்பு இரண்டு மடங்கானது. 50-ஐத் தொட்டால் சூத்திரமே கையை விரித்துவிடும், பூஜ்யத்தால் வகுக்கச் சொல்கிறதே! வரிசை முடிவில்லாமல் வளரும் என்று பொருள். "நேற்று மாடல் டெஸ்ட் நன்றாக நடந்தது, இன்று கொஞ்சம் பேர்தான் கூட, ஏன் இப்படி ஆச்சு" என்று நிர்வாகம் திகைப்பதன் ரகசியம் இந்த அட்டவணையில் இருக்கிறது. சரிவு மெதுவாக வராது. 60, 70 சதவீதம் வரை சமதரை, 90-க்கு மேல் மலை. ஆகவே அறிந்தவர்கள் சர்வரை 70 சதவீதத்துக்கு மேல் ஓடவிடாமல் பார்த்துக்கொள்வார்கள்.

சரி, ஒரு கல்லூரிக்கு வருவோம். கணக்குக்காக 3,000 மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு பத்து மணிக்கு. ஒருவர் உள்ளே நுழைந்து வினாத்தாளைப் பார்ப்பதற்குள் சர்வருக்குப் பத்து வேலை. பாஸ்வேர்டு சரியா, பெயர் என்ன, எந்தத் தாள், எந்த செட் என்று இப்படி. மொத்தம் 30,000 கோரிக்கை. சர்வரில் நாலு பேர் சேர்ந்து பரிமாறுகிறார்கள், ஆக விநாடிக்கு 200 கோரிக்கை முடியும்.

எல்லோரும் பத்து மணி அடித்த ஒரே நிமிடத்தில் வந்தால் விநாடிக்கு 500 கோரிக்கை. கவனிக்க முடிவது 200. ஒவ்வொரு விநாடியும் 300 தேங்குகிறது. நிமிட முடிவில் 18,000 நிலுவை. அதை முடிக்க இன்னும் 90 விநாடி.

அதே 3,000 பேர் மூன்று நிமிடத்தில் பரவி வந்தால்? விநாடிக்கு சுமார் 167. நாலு பேர் பரிமாறும் வரிசைக்கு எர்லாங் தந்த சூத்திரத்தைப் போட்டால், ஒரு கோரிக்கைக்குச் சராசரி 40 மில்லி விநாடி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதே சர்வர், அதே மாணவர்கள், ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை. இரண்டே நிமிடம் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

"சார், முதல் கணக்கிலும் இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறதே, பிறகு ஏன் ஒரு மணி நேரம் படுத்துக்கிடக்கிறது?" என்று கேட்டால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு. நல்ல கேள்வி. அங்கேதான் நம் விரல் வருகிறது.

பத்து விநாடி வட்டம் சுற்றினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ரீஃப்ரெஷ் அழுத்துவார்கள். நீங்கள் அழுத்தியதும் உங்கள் பழைய கோரிக்கை மறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். பல சர்வர்களில் அது வரிசையிலேயே நிற்கும். புதியது பின்னால் போய்ச் சேரும். 3,000 பேர் பத்து விநாடிக்கு ஒரு முறை அழுத்தினால் விநாடிக்கு 300 கோரிக்கை. சர்வரின் திறனோ 200. ரீஃப்ரெஷ் மட்டுமே அதை மூழ்கடிக்கப் போதும்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்தவர் பொறுமை இழந்து எழுந்து போய், வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். பரிமாறுபவர் வந்து அந்தக் காலி இலையில் சாதம், சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் வைக்கிறார். பசியோடு இருப்பவர் பின்னால் நிற்கிறார். சர்வர் அன்று சோம்பேறியாக இல்லை, உயிரைக் கொடுத்து உழைக்கிறது. ஆனால் அந்த உழைப்பு எழுந்து போனவர்களின் இலைக்கே போகிறது. இரண்டரை நிமிட நெரிசல் இப்படித்தான் ஒரு மணி நேரமாக நீள்கிறது.

இப்போது என் தங்கை பேத்தி விஷயம். பின்னாளில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் ஒரு விதியை நிரூபித்தார். மிக எளிமையானது: உள்ளே இருப்பவர் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் ஒருவர் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும். நிமிடத்துக்கு 12 பேர் நூலகத்துக்குள் வருகிறார்கள், ஒருவர் 5 நிமிடம் இருக்கிறார் என்றால் எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே சராசரியாக 60 பேர். அவ்வளவுதான். எப்படி வருகிறார்கள், யார் முதலில் போகிறார்கள் என்ற எந்த நிபந்தனையும் வேண்டாம்.

விடைத்தாள் ஸ்கேன் 5 மெகாபைட். 10 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் டவுன் இணைப்பில் 4 விநாடியில் ஏறிவிடும். 1 மெகாபிட் மட்டும் கிடைக்கும் கிராமத்தில் 40 விநாடி ஆகும். கடைசி 5 நிமிடத்தில் 3,000 பேரும் ஏற்றினால் விநாடிக்கு 10 பேர். எல்லோருக்கும் டவுன் இணைப்பு என்றால், லிட்டில் கணக்குப்படி, ஒரே சமயத்தில் சர்வரில் 40 இணைப்பு திறந்திருக்கும். எல்லோருக்கும் கிராமத்து இணைப்பு என்றால் 400. சர்வர் ஒரே நேரத்தில் 250 இணைப்புக்குத்தான் இடம் தரும் என்று வையுங்கள். முதல் நிலையில் அது ஹாயாக இருக்கும். இரண்டாவதில் கதவைச் சாத்திவிடும்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, கல்லூரி லேபில் உட்கார்ந்து, வேகமான வைஃபையில் 50 பிள்ளைகளை வைத்துச் சோதித்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொன்னால் அது சோதனையே இல்லை. தேர்வு நாளில் வரப்போகும் மெதுவான இணைப்பை அந்தச் சோதனை பார்க்கவே இல்லை. இரண்டு, அடி முழுக்க விழுவது கிராமத்துப் பிள்ளைமேல். 4 விநாடி வேலையை நெரிசலின் ஓர் இடைவெளியில் நுழைத்துவிடலாம். 40 விநாடி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாடம் ஒன்று, வினாத்தாள் ஒன்று, விதி மட்டும் பின்கோடு பார்த்து அமைகிறது. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

எத்தனை ஆண்டுகள் தேர்வறையில் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன்! இறுதி மணி அடித்ததும் என்ன செய்வோம்? "பேனாவை வைங்க. யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்போம். பிள்ளைகள் இடத்திலேயே இருப்பார்கள். நாங்கள் பெஞ்ச் பெஞ்சாகப் போய் விடைத்தாளை வாங்குவோம். கடைசி பெஞ்ச் பிள்ளையின் தாள் என் கைக்கு வர எட்டு நிமிடம் ஆகும். அதற்காக அவனை ஆப்சென்ட் போட்டோமா? எழுதுவது நிற்க வேண்டிய நேரம் ஒன்று, தாளைச் சேகரிக்கும் நேரம் வேறொன்று. முதலாவது மாணவன் பொறுப்பு, இரண்டாவது எங்கள் பொறுப்பு. ஒரு நாளும் இரண்டையும் குழப்பியதில்லை. நாற்பது பிள்ளைகளையும் "மணி அடிப்பதற்குள் ஓடி வந்து மேஜையில் வையுங்கள், ஒரு வாசல்தான், பிந்தினால் பூஜ்யம்" என்று சொல்லியிருந்தால் எங்களைச் சும்மா விட்டிருப்பார்களா? ஆன்லைன் தேர்வில் அதைத்தான் செய்கிறார்கள். சேகரிக்கும் வேலையை மாணவன் தலையில் வைத்து, அதற்கு ஆகும் நேரத்தையும் அவன் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

இந்தப் பேச்சை எடுத்தால் வரும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"கடைசி நிமிடம் வரை ஏன் காத்திருக்கிறார்கள்? முன்னாடியே அனுப்பலாமே." மூன்று மணி நேரத் தேர்வு என்று அறிவித்துவிட்டு இரண்டே முக்கால் மணியில் முடி என்றால், அறிவித்தது பொய். தவிர, எல்லோரும் முன்னாடி வந்தால் நெரிசலும் முன்னாடி வரும். மணி அடித்துக் கூட்டம் சேர்ப்பது நிறுவனம், பிள்ளைகள் இல்லை.

"கிளவுடில் போட்டுவிட்டோம், கூட்டம் வந்தால் தானாகப் பெரிதாகும்." மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள். புதிய இயந்திரம் எழுந்து வேலைக்கு வர நேரம் ஆகும், பல சமயம் சில நிமிடங்கள். நம் கூட்டமோ முதல் நிமிடத்திலேயே மோதுகிறது. பந்தி முடிந்த பிறகு ஆள் கூட்டி வந்தால் பாத்திரம் கழுவத்தான் ஆகும். நேரம் முன்பே தெரியும் என்பதால் 9.45-க்கே இயந்திரங்களை எழுப்பி வைக்கலாம். அதற்கும் எத்தனை வேண்டும் என்ற கணக்கு வேண்டும்.

"சூத்திரமெல்லாம் புத்தகத்துக்கு, நிஜம் வேறு." பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்த எளிய சூத்திரம், வருபவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவரவர் இஷ்டத்துக்கு வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. பத்து மணிக்கு மணி அடித்தால் எல்லோரும் சேர்ந்தே வருவார்கள். ஆகவே நிஜம் பெரும்பாலும் சூத்திரத்தைவிட மோசமாக இருக்கும். சூத்திரமே "தாங்காது" என்று சொன்னால் நிச்சயம் தாங்காது. "தாங்கும்" என்று சொன்னால் சோதித்துப் பார்த்து நம்ப வேண்டும். இரண்டிலும் கணக்குப் போடாமல் இருக்க அனுமதி கிடைக்கவில்லை.

செய்ய முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. நம் நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். ரயில்வே தட்கல் முன்பதிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவதைப் பார்த்து, 2015 ஜூனிலிருந்து ஏசி வகுப்புக்குப் பத்து மணி, ஏசி இல்லாததற்குப் பதினொரு மணி என்று பிரித்தார்கள். திருப்பதியில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று டிக்கெட்டிலேயே நேரம் போட்டுக் கொடுக்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒரே தளத்தில் வைக்காமல் பல தளங்களில் வைத்து, செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புகிறார்கள். பேங்கில் நாலு கவுண்டருக்கு நாலு வரிசை என்பதை மாற்றி டோக்கன் போட்டு ஒரே வரிசையாக்கியதும் இதே கணக்குதான். விநாடிக்கு 80 கோரிக்கை வரும்போது, 50 திறனுள்ள இரண்டு சர்வருக்குத் தனித்தனி வரிசை என்றால் சராசரி 100 மில்லி விநாடி. இரண்டுக்கும் பொது வரிசை என்றால் 56. ஒரு கவுண்டர் சும்மா இருக்க, பக்கத்து வரிசை நீளும் கொடுமை இல்லை, அதனால்தான்.

ஆன்லைன் தேர்வு நடத்தும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஐந்து.

ஒன்று. தேர்வுக்கு முன் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். பிறகு சோதியுங்கள். ஆயிரக்கணக்கான போலி மாணவர்களைப்போல் சர்வரைத் தட்டிப் பார்க்க ஜேமீட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மெதுவான இணைப்பையும் சேர்த்துச் சோதியுங்கள்.

இரண்டு. நுழைவைப் பரப்புங்கள். துறைவாரியாக ஐந்து ஐந்து நிமிடம் தள்ளித் தொடங்கலாம். அல்லது பூட்டிய வினாத்தாளை முதல் நாளே இறக்கிக்கொள்ளச் சொல்லி, பத்து மணிக்குத் திறக்கும் பாஸ்வேர்டை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்பலாம். பெரிய பாரம் முன்கூட்டியே போய்விடும்.

மூன்று. எழுதி முடித்த நேரத்தையும் ஏற்றும் நேரத்தையும் பிரியுங்கள். "ஏமாற்றினால்?" என்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு கோப்பிலிருந்து கைரேகைபோல ஒரு சின்னக் குறியீட்டைக் கணக்கிட முடியும், 32 பைட்தான். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். பன்னிரண்டு மணிக்குள் கைரேகை மட்டும் வரட்டும், எந்தக் குக்கிராமத்திலிருந்தும் நொடியில் வரும். முழுக் கோப்பை மாலைக்குள் அனுப்பட்டும். கைரேகை பொருந்தினால் பன்னிரண்டுக்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று நிரூபணம்.

நான்கு. இடம் இல்லாவிட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள். "உங்கள் வரிசை எண் 412, இரண்டு நிமிடம் ஆகும்" என்று திரையில் காட்டினால் பிள்ளை ரீஃப்ரெஷ் அழுத்தாது. சுற்றும் வட்டம்தான் பீதியைக் கிளப்புகிறது.

ஐந்து. இதுதான் முக்கியம். யார் எத்தனை மணிக்குத் தட்டினார்கள், யாரைத் திருப்பி அனுப்பியது என்று சர்வரில் பதிவு இருக்கும். 11.52-க்குத் தட்டிய பிள்ளையின் தடயம் அங்கே கிடக்கும். அதைப் பார்க்காமல் யாருக்கும் ஆப்சென்ட் போடாதீர்கள். பார்த்து, திருப்பி அனுப்பியது சர்வர் என்று தெரிந்தால், மறுதேர்வுக் கட்டணம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

பிள்ளைகளுக்கும் இரண்டு வார்த்தை. ஸ்கேனை வண்ணப்படமாக எடுக்காமல் கறுப்பு வெள்ளையில் எடுத்து 5 மெகாபைட்டை 1 ஆக்கினால், 40 விநாடி 8 விநாடியாகும். 400 இணைப்பு 80 ஆகும். வட்டம் சுற்றினால் ஒரு நிமிடமாவது பொறுங்கள், விடாமல் அழுத்தாதீர்கள். ஏற்ற முடியாமல் போனால் திரையை நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கேட்க ஆதாரம் வேண்டுமே.

கடைசியாக என் மாணவர்களிடம் ஓர் உதவி. உங்களில் பலர் சென்னை, பெங்களூரு என்று மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். சிலர் கல்லூரிகளில் பேராசிரியர்களாக, தேர்வுப் பிரிவில் பொறுப்பாளர்களாக இருக்கிறீர்கள். "இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கைக்கு எதுக்கு சார்?" என்று பின்ன வகுத்தலின்போது என்னைக் கேட்டவர்களும் உங்களில் உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரியில் அடுத்த ஆன்லைன் தேர்வு வரும்போது ஒரு சனிக்கிழமை அரை நாள் ஒதுக்கி, அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். காசு வாங்க வேண்டாம். எங்கோ ஓர் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு ஓர் ஆண்டு மிஞ்சும்.

தங்கை பேத்திக்காக நாங்கள் எழுத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சர்வர் பதிவைக் காட்டுங்கள் என்று ஒரே வரி கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்போம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். என் சூத்திரத்தில் பிழை கண்டுபிடிப்பவர்களுக்கு வழக்கம்போல ஒரு பேனா பரிசு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்